அம்பாசடரின் பின்பக்க ஊளை

எங்க வீட்டுல ஒரு அம்பாசடர் மார்க் 2 இருக்கு. "வின்டேஜ் கார் வச்சிருக்கீங்களாமே"ன்னு கேக்குறவங்களுக்கு ஒரு விளக்கம். கணக்குப்படி பார்த்தா 1919லேர்ந்து 1930க்குள்ள வந்ததுக்குத்தான் வின்டேஜ்னு பேரு. இது அதுக்கெல்லாம் ரொம்பச் சின்னத் தம்பி. ஆனாலும் திருமானூர்ல நின்ன இடத்துலயே நின்னு நாலு தடவை மாவட்டம் மாறின பெருமை இதுக்கு உண்டு. 1995 வரைக்கும் திருச்சி, அப்புறம் பெரம்பலூர், 2001ல அரியலூர், 2002ல திரும்பப் பெரம்பலூர், 2007ல திரும்ப அரியலூர் :-)

அப்பா இதை வாடகைக்கு ஓட்டித்தான் எங்களைப் படிக்க வச்சார். திருமானூர்லேர்ந்து தஞ்சாவூர் போகணும்னா கொள்ளிடம், காவிரி, குடமுருட்டி, வெட்டாறு, வெண்ணாறு, வடவாறுன்னு ஆறு ஆறு தாண்டணும். அத்தனை பாலத்துலயும் வண்டிச் சத்தம் கைப்பிடிச் சுவத்துல பட்டுத் திரும்பி நம்ம காதுக்கே வரும். அப்படித்தான் ஒருநாள் கொள்ளிடப் பாலத்துல அந்த ஊளையைக் கேட்டோம். நாப்பது கிலோமீட்டர் வேகத்துல மெல்ல ஆரம்பிச்சு, ஐம்பதைத் தாண்டினா பின்சீட்டுக்கு அடியில யாரோ அழற மாதிரி. "வண்டி அழுவுதுடா"ன்னார் அப்பா.

டவுன்ல ஒரு பெரிய பட்டறைக்கு (பேர் வேண்டாம்) கொண்டு போனோம். ஓட்டிக்கூடப் பார்க்கலை. சக்கர பேரிங் ரெண்டையும் மாத்தினாங்க. சத்தம் போகலை. அடுத்து ஹவுசிங்கைப் பிரிச்சு "பினியன் போச்சு"ன்னு வேற ஒண்ணு போட்டாங்க. அதுக்கப்புறம் ஊளை ரெண்டு மடங்கு. கடைசியில "பேசாம எடைக்குப் போட்டுடுங்க, இனிமே இதுக்கு சாமான் கிடைக்காது"ன்னு அறிவுரை வேற. 2014 மே மாசத்தோட உத்தரபாரா தொழிற்சாலையில அம்பாசடர் உற்பத்தியே நின்னுபோச்சு, அதனால அவங்க சொன்னதுல பாதி நிஜம். அப்பா ரெண்டு நாள் சரியாச் சாப்பிடலை.

இந்த ஊளைக்கு ஒரு சரித்திரம் இருக்கு. அது தெரிஞ்சாத்தான் பட்டறைக்காரங்க எங்க சறுக்கினாங்கன்னு புரியும்.

ஆரம்ப கால கார்கள் பலதுல பின்சக்கரத்தைச் சுத்தினது சைக்கிள் மாதிரி சங்கிலிதான். பிறகு ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டும், அதன் நுனியில் பினியனும், அது சுற்றிவிடும் பெரிய கிரௌன் சக்கரமும் வந்தன. அப்போது பினியன், கிரௌனின் நடு மையத்துக்கு நேராகவே நிற்கும். ஷாஃப்ட் அவ்வளவு உயரத்தில் ஓடுவதால் காரின் தரையும் உயரமாகவே இருந்தாக வேண்டும். 1920களின் நடுவில் அமெரிக்காவின் க்ளீசன் கம்பெனி, பினியனை மையத்துக்குக் கீழே இறக்கிப் பல் வெட்டும் முறையைக் கொண்டுவந்தது. அதுதான் ஹைப்பாய்ட். பேக்கார்ட் கார்களில் முதலில் வந்தது. ஷாஃப்ட் இறங்கியது, காரும் தாழ்ந்தது, சத்தமும் குறைந்தது. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டுக்கும் அதே ஆக்சில், அதன் மூன்றாம் வரிசையை வைத்து 1950களின் கடைசியில் பிறந்த நம்ம அம்பாசடருக்கும் அதே ஆக்சில்.

இதில் ரெண்டு சங்கடம். ஒண்ணு, ஹைப்பாய்ட் பற்கள் உருளுவதோடு நிற்காமல் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கவும் செய்யும். சாதா எண்ணெய்ப் படலம் அந்த அழுத்தத்தில் கிழிந்துவிடும். அதுக்காகவே கந்தகம் சேர்த்த 90 நம்பர் கியர் ஆயில் வந்தது (அந்த நாத்தம் அதனாலதான்). இன்னொண்ணு, கிரௌனையும் பினியனையும் தொழிற்சாலையில் ஜோடியாகவே உரசவிட்டுப் பொருத்துவார்கள். ரெண்டிலும் ஒரே எண்ணைப் பொறிப்பார்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் பல்லோடு பல் ஒட்டாது.

எங்க ஊர்ப்பக்கம் வயசான மெக்கானிக் அண்ணன் ஒருத்தர் இருக்கார். அவர் ஸ்பேனரையே தொடலை. "ஏறுங்கண்ணே"ன்னு அப்பாவைப் பின்சீட்டுல உக்கார வச்சுட்டு, பாலத்துக்கு விட்டார். தார் ரோட்டுலயும் பாலத்து சிமெண்ட்டுலயும் ஊளை ஒரே மாதிரி இருந்துச்சு, அப்ப டயர் இல்லை. ரோடு காலியா இருந்த இடத்துல லேசா வளைச்சு வளைச்சு ஓட்டினார். மாறலை, அப்ப சக்கர பேரிங் இல்லை. ஆக்சிலரேட்டரை மிதிச்சா ஒரு குரல், காலை எடுத்தா வேற குரல். "பாரம் மாறினா குரல் மாறுது. இது பல்லுதான் தம்பி, சத்தியமா பல்லுதான்"னார்.

வீட்டுக்கு வந்து ஆக்சில் ஷாஃப்ட் ரெண்டையும் உருவி, டிஃப்ரன்ஷியலை முன்பக்கமா வெளிய எடுத்தார். துடைச்சு எண்ணைப் பார்த்தார். கிரௌன்ல ஒரு எண், பினியன்ல வேற எண்.

அண்ணன் தலையில கை வச்சுட்டார். அப்பா ஒண்ணும் பேசாம உள்ள போய், பரண்லேர்ந்து ஒரு துணி மூட்டையை எடுத்துட்டு வந்தார். கழட்டின சாமானைக் கேட்டு வாங்காம பட்டறையை விட்டு வந்தா அவர் வாடகை வண்டிக்காரரே இல்லையே! மூட்டைக்குள்ள பழைய பினியன். எண் பொருந்துச்சு. பல்லெல்லாம் கோளாறு இல்லாம இருந்துச்சு, போயிருந்தது அதோட பேரிங் மட்டும். எண்ணெயும் சாதா எண்ணெய், நாத்தமே இல்லை.

புது பேரிங் போட்டு, ரெட் ஆக்சைடு பொடியை எண்ணெயில குழைச்சுப் பல்லுல தடவிச் சுத்திப் பார்த்தார். தடம் பல்லோட உச்சியில விழுந்துச்சு, பினியன் இன்னும் உள்ள போகணும்னு அர்த்தம். தலைக்குப் பின்னாடி இருக்கற வாஷரைக் கொஞ்சம் தடிமனா மாத்தினார். அடுத்த தடம் அடியில. நாலாவது தடவைதான் நடுவுல நின்னுச்சு. ஒரு முழு நாள் போச்சு. கூலி கேட்டப்போ அவர் சொன்ன தொகை, பட்டறைக்காரங்க பேரிங்குக்கு வாங்கினதுல பாதிகூட இல்லை.

சாயங்காலம் திருவையாறு வரைக்கும் போனோம். தப்பான ஜோடியோட கொஞ்ச நாள் ஓடினதால, ஐம்பதுல காலை எடுக்கும்போது மட்டும் லேசா ஒரு முனகல் இன்னும் இருக்கு. எனக்குக் கேட்டுச்சு. "கேக்குதாப்பா?"ன்னேன். அப்பா கண்ணாடியை இறக்கிவிட்டுட்டு, கொள்ளிடத்துல தண்ணி எவ்வளவு போகுதுன்னு பார்த்துக்கிட்டு வந்தார்.