கதவுக்கு அண்டை கொடுத்த கல்

ஜெர்மனியில் 1817 வாக்கில் மருந்துக்கடைகளைப் பரிசோதிக்கும் பொறுப்பில் இருந்தவர் வேதியியல் பேராசிரியர் ஃபிரீட்ரிக் ஸ்ட்ரோமயர். கடைச் சரக்கு ஒன்றில் அவருக்குச் சந்தேகம் தட்டியது. துத்தநாக கார்பனேட்டைச் சுட்டால் வெள்ளைப்பொடி கிடைக்க வேண்டும். இது ஆறிய பிறகும் மஞ்சளாகவே இருந்தது. உள்ளே இருந்தது புதியதோர் உலோகம், காட்மியம். துத்தநாகத்தின் வேஷத்தில் ஒளிவது அதன் பிறவிக் குணம். உருளைக்கிழங்குக்குள் அது நுழைவதும் அதே வேஷத்தில்தான்.

வழி திறந்துவிட்டது உரம். 1842இல் இங்கிலாந்தின் ஜான் பென்னட் லாஸ், எலும்பு போன்றவற்றில் கந்தக அமிலம் கலந்து தயாரித்த சூப்பர் பாஸ்பேட் உரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். எலும்பு போதவில்லை. பாஸ்பேட் பாறையைத் தேடி வியாபாரிகள் கப்பல் ஏறினார்கள்.

பெரிய புதையல் ஒன்று சிட்னியில், பசிபிக் தீவுகளில் வியாபாரம் செய்த கம்பெனியின் அலுவலகத்திலேயே கிடந்தது. நவுரு தீவிலிருந்து வந்த ஒரு கல்லைக் கதவுக்கு அண்டை கொடுத்திருந்தார்கள். கல்லாகிப்போன மரம் என்று எல்லோரும் நம்பினார்கள். 1899இல் அங்கே வந்த ஆல்பர்ட் எல்லிஸுக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. ஒரு சில்லை உடைத்துச் சோதித்தார்: உயர்தரப் பாஸ்பேட்! சில ஆண்டுகளில் நவுருவைத் தோண்டத் தொடங்கினார்கள். தீவின் நடுப்பகுதி இன்று வெறும் சுண்ணாம்புக் கூம்புகள். 

அந்தப் பாறையில் காட்மியம் அதிகம். காரணம் கடலில் இருக்கிறது. பாஸ்பேட்டை உறிஞ்சும் நுண்பாசிகள் காட்மியத்தையும் சேர்த்தே உறிஞ்சுகின்றன. துத்தநாகம் கிடைக்காதபோது காட்மியத்தை வைத்தே வேலையை முடித்துக்கொள்ளும் பாசிகூட உண்டு. பாசியிலிருந்து மீன், மீனிலிருந்து கடற்பறவை, பறவையின் எச்சத்திலிருந்து பாறை என்று அது இடம் மாறியதாகக் கருதப்படுகிறது.

பாறை உரமாகி, ஆஸ்திரேலிய வயல்களில் பல பத்தாண்டுகள் தூவப்பட்டது. 1990களில் உருளைக்கிழங்கைச் சோதித்தபோது, காட்மியத்துக்குக் கிலோவுக்கு 0.05 மில்லிகிராம் என்ற அன்றைய வரம்பைச் சில கிழங்குகள் தாண்டியிருந்தன. ஆய்வாளர்களை வியக்கவைத்தது வேறொன்று. மண்ணில் எவ்வளவு காட்மியம் இருக்கிறது என்பதைவிட, பாய்ச்சும் தண்ணீரில் எவ்வளவு உப்பு இருக்கிறது என்பதே கிழங்கின் கதியைப் பெரிதும் தீர்மானித்தது. உப்பிலுள்ள குளோரைடு காட்மியத்தோடு ஒட்டிக்கொண்டு, அதை மண்துகளில் படியவிடாமல் நீரிலேயே கரைத்து வைக்கிறது. வேரருகே வந்துவிட்டால், துத்தநாகத்துக்கான வாசல் வழியே உள்ளே போய்விடும்.

காட்மியம் குறைந்த உரம், அதைக் குறைவாக உறிஞ்சும் கிழங்கு ரகம், உப்புக் குறைந்த தண்ணீர் என்று விவசாயிகள் மாறினார்கள். வரம்பும் பின்னர் 0.1 ஆக உயர்ந்தது. ஏற்கெனவே தூவிய காட்மியம் மட்கிப்போகாது. கிழங்கின் தோலைச் சீவினாலும் ஒரு பங்குதான் போகிறது.