தெருக்கோடும் நகரழகும்: புதுச்சேரி குறித்து ஒரு வாதம்

புதுச்சேரியின் அழகைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கட்டடங்களிலிருந்தே தொடங்குகிறார்கள். மஞ்சள் காவி பூசிய சுவர், வளைவு வைத்த சன்னல், மதிலுக்கு மேலே படர்ந்த காகிதப்பூ, இவற்றையெல்லாம் விட்டுச் சென்ற பிரெஞ்சு ரசனை என்பதுதான் சுற்றுலாச் சுவரொட்டியும் சொல்வது, பல ஆய்வுகளும் சொல்வது. இந்நகரின் அழகுக்கு மூலம் கட்டடங்கள் அல்ல, தெருக்கோடு என்பது என் வாதம். வீடு எங்கே முடிய வேண்டும், தெரு எங்கே தொடங்க வேண்டும் என்று 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தாளில் வரைந்து தரையில் இறக்கிய கோடுகளும், அடுத்த மூன்று நூற்றாண்டுகள் அவற்றை மதித்துக் கட்டியவர்களின் ஒழுங்கும் இல்லையென்றால், எத்தனை மாளிகைகள் எழுந்திருந்தாலும் இன்று நாம் காணும் ஊர் உருவாகியிருக்காது.

இந்தக் கோடுகளை வரைந்தவர் யார் என்பதில் முதலில் தெளிவு வேண்டும். பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக பிரான்சுவா மர்த்தேன் 1674-இல் இங்கே கால் ஊன்றியபோது திட்டம் என்று எதுவும் இல்லை. நெசவாளர் குடியிருப்புகளும் கடலோரக் குப்பமும் இருந்த இடத்தில் சரக்கறைகள் எழுந்தன, அவற்றைச் சுற்றி வீடுகள் பெருகின. 1693-இல் டச்சுக்காரர்கள் ஊரைப் பிடித்தார்கள். நிலையாகத் தங்கிவிடுவோம் என்று நம்பியவர்கள், ஊர் எப்படி வளர வேண்டும் என்று நிலத்தை அளந்து வரைபடங்கள் எழுதினார்கள். 1697-இன் ரிஸ்விக் உடன்படிக்கை அவர்கள் கணக்கைக் குலைத்தது. 1699-இல் ஊர் மீண்டும் பிரெஞ்சுக்காரர்கள் கைக்குப் போனது. ஊரோடு அந்தத் திட்டமும் அவர்களுக்குக் கிடைத்தது. நெடுங்காலம் பிரெஞ்சுப் பொறியாளர்களின் படைப்பு என்று கருதப்பட்ட நேர்த்தெரு அமைப்பு டச்சு வரைபடங்களிலேயே இருப்பதை, நெதர்லாந்து ஆவணங்களைக் கொண்டு வரலாற்றாய்வாளர் ழான் தெலோஷ் எடுத்துக்காட்டினார். புதுச்சேரி வரலாற்றில் அவர் செய்த பணிகளுள் இதை முதன்மையானதாகக் கருதுகிறேன். பிரெஞ்சு ரசனை என்ற எளிய விளக்கத்தை அது ஆட்டம் காணச் செய்துவிடுகிறது.

அத்திட்டம் எளிமையானது. கடற்கரையே அடிக்கோடு. அதற்கு இணையாக வடக்கு தெற்காகச் சில தெருக்கள், அவற்றை வெட்டிக்கொண்டு கடலை நோக்கி நேரே ஓடும் கிழக்கு மேற்குத் தெருக்கள். கோடையில் பிற்பகல் கடல்காற்று எழுந்தால் இந்தக் குறுக்குத் தெருக்கள் வழியே அது ஊருக்குள் நுழையும். நீளத் தெருக்களில் காலையில் ஒரு பக்கமும் மாலையில் மறுபக்கமும் நிழல் இருக்கும். கடலோர மணல்மேட்டுக்குப் பின்னால் இருந்த தாழ்வான பகுதி பெரிய வாய்க்கால் ஆயிற்று. செஞ்சி சாலைக்கும் ஆம்பூர் சாலைக்கும் நடுவே இன்றும் அது ஓடுகிறது. மிஷன் வீதியிலிருந்து கிழக்கே திரும்பி ஏதாவது ஒரு குறுக்குத் தெருவில் நடந்து பாருங்கள். கட்டடங்கள் இருபுறமும் மாறிக்கொண்டே வரும், தெருவின் கோடி மட்டும் மாறாது: வெளிச்சம், அதன் கீழே ஒரு நீலக் கீற்று. இந்தக் காட்சியை எந்தக் கட்டடக் கலைஞரும் அமைக்கவில்லை. அளவைக்காரரின் கயிறு அமைத்தது.

இனி என் வாதத்தின் முதன்மைச் சான்றுக்கு வருகிறேன். 1761 சனவரியில் பிரெஞ்சுத் தளபதி லாலி ஆங்கிலேயரிடம் சரணடைந்தார். கடலூரின் செயின்ட் டேவிட் கோட்டையை மூன்றாண்டுகளுக்கு முன் பிரெஞ்சுக்காரர்கள் தகர்த்ததற்குப் பழிதீர்ப்பது போல, வென்றவர்கள் புதுச்சேரியைத் திட்டமிட்டு இடித்தார்கள். செயின்ட் லூயி கோட்டை போயிற்று. ஆளுநராக இருந்த துய்ப்ளே கட்டிய மாளிகை போயிற்று. வெள்ளையர் பகுதி ஏறத்தாழ முழுவதும் இடிபாடாயிற்று. பாரிசு உடன்படிக்கைக்குப் பின் 1765-இல் பிரெஞ்சு ஆளுநர் ழான் லா தெ லொரிஸ்தோன் ஊரைத் திரும்பப் பெற்றபோது அவர் கைக்கு வந்தவை கல்லும் செங்கல்லும்தான். ஆனால் தெருக்கள் இருந்தன. மனைகளின் எல்லைகள் இருந்தன. இடிந்த சுவரின் அடித்தளத்தின் மேலேயே புதுச்சுவர் எழுந்தது. இன்று நாம் பார்த்து வியக்கும் பிரெஞ்சு வீடுகளில் பெரும்பாலானவை இந்த மறுகட்டுமானத்துக்குப் பிற்பட்டவை. அவை நிற்கும் கோடோ அதற்கும் எழுபதாண்டுகள் மூத்தது. கட்டடங்கள் அழிந்தும் அழகு மீண்டது என்றால், அது தங்கியிருந்த இடம் கட்டடம் அல்ல.

சென்னையை ஒப்பிட்டால் இது இன்னும் தெளிவாகும். ஜார்ஜ் கோட்டையை ஒட்டியிருந்த பழைய கறுப்பர் நகரம் 18-ஆம் நூற்றாண்டின் நடுவில், பீரங்கி வீச்சுக்குத் திறந்தவெளி வேண்டும் என்று அகற்றப்பட்டது. இன்றைய உயர்நீதிமன்றம் நிற்பது அங்கேதான். குடிகள் வடக்கே நகர்ந்தார்கள், ஊர் வேறொரு வடிவம் எடுத்தது. அங்கே தெருக்கோடும் சேர்ந்தே போயிற்று, திரும்பவில்லை.

கட்டடக் கலைதான் காரணம் என்பவர்கள் விடைகாண வேண்டிய இன்னொரு கேள்வியும் உண்டு. வாய்க்காலுக்குக் கிழக்கே உள்ள வீடும் மேற்கே உள்ள வீடும் கட்டட முறையில் ஒன்றுக்கொன்று எதிரானவை. துமாஸ் வீதியிலோ ரோமன் ரோலண்ட் வீதியிலோ உள்ள வீடு தெருவுக்கு உயர்ந்த மதிலையும் கனத்த வாயிற்கதவையும் காட்டுகிறது. தோட்டம், தூண் வரிசை, வராந்தா எல்லாம் உள்ளே. வைசியாள் வீதி வீடு தெருவை வரவேற்கிறது. முதலில் தாழ்வாரம்: மரத்தூண்கள் தாங்கும் சரிந்த ஓட்டுக் கூரை, தெருவில் போகிற யாருக்கும் நிழல் தருவது. அடுத்து திண்ணை, வருகிறவர் உட்கார. பிறகு ரேழி, முற்றம், கூடம். ஒன்று மூடிய முகம், மற்றொன்று திறந்த முகம். இரண்டு பகுதிகளும் ஒரே ஊராகத் தோன்றுவது எப்படி? இரண்டிலும் வீடு தெருக்கோட்டின் மேலேயே வந்து நிற்கிறது. பக்கத்து வீட்டோடு இடைவெளியின்றி ஒட்டி நிற்கிறது. மதில் மதிலைத் தொடர்கிறது, தாழ்வாரம் தாழ்வாரத்தைத் தொடர்கிறது. ஆக, தெருவே ஒரு நீண்ட கூடமாகிவிடுகிறது, இரண்டு பக்கச் சுவரும் முழுமையாக அமைந்த கூடம்.

ரங்கப்பிள்ளை வீதியில் உள்ள ஆனந்தரங்கப் பிள்ளையின் வீட்டைக் கவனித்துப் பார்த்தவர்களுக்கு இந்தக் கலப்பு எப்படி நடந்தது என்று விளங்கும். கீழ்த்தளத்தில் முற்றத்தைச் சுற்றிச் செதுக்கு வேலைப்பாடுள்ள மரத்தூண்கள். செட்டிநாட்டிலோ தஞ்சையிலோ இருந்தால் யாரும் வியக்க மாட்டார்கள். மாடியேறினால் அதே முற்றத்தைச் சுற்றி வெள்ளைக் காரைப் பூச்சில் பருத்த செங்கல் தூண்கள், மேலே ஐரோப்பியப் பாணி. துய்ப்ளேயின் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் இடைத்தரகராகவும் இருந்து, பிரெஞ்சு ஆட்சியைத் தம் நாட்குறிப்பில் நாள்தோறும் எழுதிவைத்தவரின் வீடு இது. கீழ்த்தளம் தமிழ், மேல்தளம் பிரெஞ்சு என்ற இந்த முறை பின்னர் தமிழர் பகுதி முழுவதும் பரவியது. அதற்கு யாரும் ஆணையிடவில்லை. மனையின் அகலமும் முகப்பின் கோடும் முன்பே முடிவாகிவிட்டதால், உள்ளே எதை எப்படிக் கலந்தாலும் தெரு குலையவில்லை. திட்டத்தின் இறுக்கம்தான் கலைக்கு அந்தச் சுதந்திரத்தைத் தந்தது.

இத்தனை சொன்ன பிறகு, அந்தக் கோடுகள் எதற்காக இழுக்கப்பட்டன என்பதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. நேர்த்தெரு அழகுக்காக வந்ததல்ல. ஆட்களை எண்ண, வரி வாங்க, தொழிலுக்கும் சாதிக்கும் தனித்தனித் தெரு ஒதுக்கி ஆள வந்தது. பெரிய வாய்க்கால் நீர் வடியும் வழி மட்டுமல்ல, வெள்ளையரையும் தமிழரையும் பிரித்த எல்லையும்கூட. 1748-இல் ஆங்கிலேயர் ஊரை முற்றுகையிட்டிருந்தபோது பிரெஞ்சுக்காரர்கள் வேதபுரீசுவரர் கோயிலை இடித்தார்கள்; பக்கத்தில் தேவாலயம் கட்டியிருந்த பாதிரிமாரின் நெடுநாள் விருப்பமும் அதில் நிறைவேறியது. பிள்ளையின் நாட்குறிப்பில் அதைப் படிக்கிறவர் எவரும் இந்நகரின் ஒழுங்கை வெறும் அழகாகப் பார்த்துவிட முடியாது. இதனால் அழகு பொய்யாகிவிடுகிறதா? ஆகாது என்றே நினைக்கிறேன். ஆள்வதற்கு இழுத்த கோட்டின் மேல் தாழ்வாரத்தைக் கட்டி, வழிப்போக்கருக்கு நிழலும் திண்ணையும் கொடுத்தவர்கள் அந்தத் தெருக்களில் வாழ்ந்த குடிகள். எலும்பு கம்பெனியுடையது, தசையும் தோலும் அவர்களுடையவை. திட்டத்தைப் போற்றும்போது இந்தப் பங்கை விட்டுவிடுவதுதான் பெரும்பாலான எழுத்துகளின் குறை.

19-ஆம் நூற்றாண்டு இத்திட்டத்துக்கு ஓரம் கட்டியது. இடித்த மதிலரண்களின் தடத்தில் மரங்கள் நட்ட அகன்ற சாலைகள் வந்து ஊரை முட்டை வடிவில் வளைத்தன. கிழக்கே கடலோரச் சாலை, 1836-இல் ஏற்றிய கலங்கரை விளக்கம், 1866-இல் கடலுக்குள் நீண்ட பாலம். அந்தப் பாலத்தை 1952-இன் புயல் கொண்டுபோயிற்று. கடலை ஊரின் முற்றமாகக் கருதிய திட்டம் இது. கப்பல் வெளியே நிற்கும், படகு அலைமேல் வரும், கரையில் யாரும் கை வைக்க மாட்டார்கள்.

கை வைத்தது பிற்காலம். 1980-களின் இறுதியில் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்று முகத்தில், துறைமுகத்துக்காக அலைத்தடுப்புச் சுவர்கள் கட்டப்பட்டன. இக்கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். சுவர்கள் அதை மறித்தன. தெற்கே மணல் குவிந்தது, வடக்கே நகரின் கடற்கரை கரைந்தது. மிஞ்சிய சாலையைக் காக்கக் கருங்கற்களைக் கொட்டினார்கள். கடலுக்கு எதிரே ஒன்றரைக் கிலோமீட்டர் நீளமுள்ள உலாச்சாலை இருந்தும், மணலில் கால் வைக்க முடியாத ஊராக ஒரு தலைமுறைக் காலம் புதுச்சேரி இருந்தது. அரிப்பு அங்கேயும் நிற்கவில்லை. தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம் என்று வடக்கே மீனவர் வீடுகளைத் தின்றுகொண்டு போயிற்று. அண்மை ஆண்டுகளில் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் தலைமைச் செயலகத்துக்கு எதிரே நீருக்கடியில் அமைத்த செயற்கைத் திட்டின் பயனாக ஒரு பகுதியில் மணல் திரும்பியிருக்கிறது. இந்த நிகழ்வு முழுவதும் திட்டத்தைப் பற்றிய பாடமே. அந்தக் கடற்கரையில் ஒரு கட்டடம்கூட இடிக்கப்படவில்லை. வெளிச்சுவர் இரண்டின் இடம் மட்டும் தவறாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. ஊரின் முற்றம் காணாமல் போக அதுவே போதுமாயிருந்தது.

ஊருக்குள்ளேயும் இன்று நடப்பது இதுதான். கடற்கரைச் சாலையில் மேரி எனப்படும் பழைய நகராட்சிக் கட்டடம் 2014 நவம்பர் மழையில் சரிந்து விழுந்தபோது ஊரே துக்கப்பட்டது, நியாயமாகவே. ஆனால் அது அதே இடத்தில், அதே வடிவில் மீண்டும் கட்டப்பட்டு 2021-இல் திறக்கப்பட்டுவிட்டது. அதற்குப் பெயர் இருந்தது, படங்கள் இருந்தன, பணம் வந்தது. தமிழர் பகுதியில் பெயரில்லாத ஒரு வீட்டை இடித்து, தரைத்தளத்தை வண்டி நிறுத்த ஒழித்துவிட்டு, நான்கு அடி உள்ளே தள்ளி அடுக்குமாடி எழுப்பும்போது யாரும் எழுதுவதில்லை. அந்த வீடு தனியாக நின்றால் எந்தச் சிறப்பும் அதற்கு இருந்திருக்காது. ஆனால் அதன் தாழ்வாரம் இரண்டு பக்கத்துத் தாழ்வாரங்களையும் இணைத்துக்கொண்டிருந்தது. அது போனதும் நிழல் அறுகிறது, கூரைக்கோடு அறுகிறது, தெருவின் சுவரில் ஓட்டை விழுகிறது. அடுத்த வீட்டுக்காரருக்கும் கோட்டில் நிற்கக் காரணம் இல்லாமல் போகிறது.

மரபுக் கட்டடங்களைப் பட்டியலிட்டுத் தரம் பிரிக்கும் முறை இந்த இழப்பைக் காணாது. அது வீடு வீடாகத்தான் பார்க்கிறது. 2002-க்கும் 2004-க்கும் இடையில், ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு இந்தியக் கலை மற்றும் பண்பாட்டு மரபு அறக்கட்டளை வைசியாள் வீதியில் செய்த பணி வேறு வழியைக் காட்டுகிறது. அங்கே சீரமைப்புக்கு எடுத்துக்கொண்ட அலகு தெரு. பெருமை வாய்ந்த வீட்டுக்கும் எளிய வீட்டுக்கும் சேர்த்தே முகப்பும் தாழ்வாரமும் திருத்தப்பட்டன. பின்னால் புதிதாகக் கட்டியிருந்த வீடுகளும் தெருவின் வரிசைக்குள் கொண்டுவரப்பட்டன. நகராட்சியின் கட்டட விதிகளும் இதே அலகை ஏற்க வேண்டும் என்பது என் கருத்து. முகப்புக் கோட்டிலிருந்து பின்வாங்கக் கூடாது, தாழ்வாரம் தொடர வேண்டும், தரைத்தளம் தெருவுக்கு வாசல் வைக்க வேண்டும். இந்த மூன்றையும் கட்டாயமாக்கிவிட்டு, அதன் பின்னால் எந்தப் பாணியில் வேண்டுமானாலும் கட்ட உரிமையாளருக்கு விட்டுவிடலாம். ஆனந்தரங்கப் பிள்ளைக்கு இருந்த சுதந்திரமும் அவ்வளவுதான்.