நின்று மணக்கும் எண்ணெய்

கல்யாண வாசலில் புறங்கையில் பூசிக்கொண்ட சந்தனம், பந்தியிலிருந்து எழுவதற்குள் காய்ந்து உதிர்ந்துவிடும். மணம் மட்டும் மாலைவரை கையை விட்டுப் போகாது. சந்தன எண்ணெயின் பெருமை அதன் மணத்தில் பாதி, இப்படி நிற்கும் குணத்தில் பாதி என்பேன்.

அந்தக் குணத்தைத் தருவது சாண்டலால் என்னும் பொருள். கனமானது, எளிதில் ஆவியாகாது. அதனாலேயே வடிப்பதும் கடினம். எலுமிச்சைப்புல் சில மணி நேரத்தில் எண்ணெயை விட்டுவிடும். சந்தனத் தூளோ இரண்டு மூன்று நாள் நீராவியில் வேக வேண்டும். வெளிப்புற வெண்கட்டையில் மணமே கிடையாது. வைரம் பாய்ந்த உட்கட்டையிலும் வேரிலும்தான் எண்ணெய், அதிலும் வேரில் அதிகம். ஆகவே சந்தன மரத்தை அடிமரத்தில் வெட்டுவதில்லை. வேரோடு தோண்டி எடுக்கிறார்கள்.

முதல் உலகப் போர் வரை மைசூர்க் கட்டைகள் ஜெர்மனிக்குக் கப்பலேறி அங்கே எண்ணெயாயின. போரால் கப்பல் நின்றது, கட்டை தேங்கியது. நால்வடி கிருஷ்ணராஜ உடையார் அரசராகவும் விசுவேசுவரய்யா திவானாகவும் இருந்த காலம் அது. 1916-இல் மைசூர் அரசே எண்ணெய் வடிக்கத் தொடங்கியது. மைசூர் சாண்டல் சோப்பு அதன் வழி வந்ததுதான்.

ஆனால் இந்த எண்ணெயின் முழு அருமை தெரிய உத்தரப் பிரதேசத்துக் கன்னோசிக்குப் போக வேண்டும். அங்கே செம்புக் கொப்பரையில் ரோஜாவும் தண்ணீரும் இட்டு, மூடியைக் களிமண்ணால் பூசி, அடியில் விறகு எரிக்கிறார்கள். மூங்கில் குழாய் வழியே வரும் ஆவி, தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்திய கலயத்தில் இறங்குகிறது. கலயத்துக்குள் முன்பே சந்தன எண்ணெய் இருக்கும். ஆறியதும் அடியில் நிற்கும் நீரை வடித்துவிட்டு, அதே எண்ணெய்மேல் மறுநாளும் புதுப் பூவின் ஆவியை இறக்குவார்கள். ஒரு பொழுதில் பறந்துவிடக்கூடிய ரோஜா மணம் சந்தனத்தைப் பற்றிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் வாழ்கிறது. அதுதான் அத்தர். இன்று விலை தாளாமல் பலரும் கலயத்தில் பாரஃபின் எண்ணெய் ஊற்றுகிறார்கள் என்பது எனக்குப் பெரிய வருத்தம். பாரஃபினும் மணத்தை வாங்கிக்கொள்ளும். தன் பங்குக்குக் கொடுக்க அதனிடம் எதுவும் இல்லை.

விலை ஏறியதற்குக் காரணம் மரம் அருகியதே. திருட்டு வெட்டு ஒருபுறம், இலைகளைச் சிறுக்கச் செய்யும் ஸ்பைக் நோய் ஒருபுறம். 2002-இல் தமிழ்நாட்டில் சட்டம் திருத்தப்பட்டுப் பட்டா நிலத்துச் சந்தனம் நிலத்துக்காரருக்கே சொந்தமானது. உழவர்கள் இப்போது நடுகிறார்கள். சந்தனம் பிற செடிகளின் வேரில் தன் வேரை ஒட்டி உணவு வாங்கும் மரம், தனியே செழிக்காது. எனவே நாற்றங்கால் பையிலேயே கன்றோடு ஒரு துவரை விதையையும் ஊன்றிவிடுகிறார்கள்.