பஸ் ஏறிய கவுன்டர்பாயின்ட்

மதுரை ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் ஒரு கண்டக்டர் ‘தேனி, போடி, கம்பம்’ என்று இழுத்துக் கூவுவார். அவர் மூச்சு வாங்கும் நேரத்தில் பக்கத்து வண்டிக்காரர் ‘பெரியகுளம்’ என்று புகுந்துவிடுவார். ஒருவர் நிறுத்தும் இடத்தில் மற்றவர் தொடங்குவதால் இரண்டுமே தெளிவாகக் காதில் விழும்.

குரலோடு குரல் பின்னும் இந்த வித்தையை ஐரோப்பியத் தேவாலயங்கள் பல நூற்றாண்டுகள் வளர்த்தெடுத்தன. கவுன்டர்பாயின்ட் என்று அதற்குப் பெயர். அதில் மிகக் கடுமையான கட்டுக்கோப்பு ஃபியூக். ஒரு குரல் சிறு மெட்டொன்றைத் தனியே எடுக்கும். அது முடிந்ததும் இன்னொரு குரல் அதே மெட்டை வேறு சுருதியில் தொடங்க, முதல் குரல் விலகாமல் கூடவே ஓடும். இதில் கரைகண்டவர் இசையமைப்பாளர் பாக். இத்தனை கறாரான வடிவத்துக்குள் வேடிக்கையும் நுழைந்தது. 1930-இல் எர்ன்ஸ்ட் டோக் என்ற இசையமைப்பாளர் வெறும் ஊர்ப்பெயர்களை வைத்துப் பேச்சுக் குரல்களுக்கு ஒரு ஃபியூக் எழுதினார்.

இந்த வித்தை நம் பக்கம் வந்த வழி அழகானது. அன்றைய மதுரை மாவட்டத்துப் பண்ணைப்புரத்தில் 1943-இல் பிறந்த இளையராஜா, அண்ணன் பாவலர் வரதராஜனின் குழுவோடு ஊர் ஊராகச் சென்று வாசித்தவர். பிறகு சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை இலக்கணம் கற்றார். 1976-இல் அவர் இசையமைத்த ‘அன்னக்கிளி’ படம் வந்தது. அதை இயக்கிய தேவராஜ் – மோகன் இரட்டையரின் ‘சிட்டுக்குருவி’யும் அவர் இசையில் 1978-இல் வெளியானது. அதில் ஓடும் பஸ்ஸில் ஒரு காதல் பாட்டு: ‘என் கண்மணி’. பாடியவர்கள் எஸ்.பி.பாலசுப்ரமணியமும் பி.சுசீலாவும், எழுதியவர் வாலி.

அது ஃபியூக் அல்ல, கவுன்டர்பாயின்ட். ஆனால் இரண்டுக்கும் சிரமம் ஒன்றேதான். சிரிக்க வைக்க வேண்டுமானால் சொல் தெளிவாகக் கேட்க வேண்டும். குரல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறினாலோ சொல் மங்கிப்போகும். காதலனின் குரல் ஒன்று, அவன் மனத்தின் குரல் ஒன்று என இரண்டையும் பாலுவே பாடுகிறார். ஒரு குரல் கடைசி எழுத்தில் நீண்டு நிற்கும்போது மற்றொன்று தன் சொல்லை வைக்கிறது. வாலியின் வரிகளோ தனித்தனியே படித்தாலும் பொருள் தரும், கோத்துப் படித்தாலும் பொருள் தரும். அவன் சொன்ன ஜோக்குக்கு அவள் நாணிச் சிரிப்பதில்தான் பாட்டே தொடங்குகிறது. நடுவில் கண்டக்டர் கருவாட்டுக் கூடைக்காரம்மாவை முன்னே போகச் சொல்வார், தேனாம்பேட்டையில் இறங்கச் சொல்வார். காதலின் உச்சத்தில் கருவாடு! அந்தக் குரலும் தாளம் தப்பாமல் வந்து விழுவதால்தான் சிரிப்பு வருகிறது. கொஞ்சம் முந்தியோ பிந்தியோ விழுந்திருந்தால் அது வெறும் சத்தமாகப் போயிருக்கும்.

வேடிக்கைப் பாட்டு என்றால் எளிது என்று நினைப்பவர்கள் இதைக் கேட்க வேண்டும். கட்டு இறுகினால்தான் நகை வெடிக்கும். இந்தப் பயணம் இன்னும் ஒரு படி மேலே போகலாம். நான்கு குரலில் பாடிப் பழகிய சர்ச் பாடகர் குழுக்கள் மதுரையில் உண்டு. வல்லினம் துள்ளும் மதுரைப் பேச்சு உண்டு. மெட்டுக்கு ஒரு சின்ன வாக்கியம் போதும்: ‘சில்லறை இருந்தா குடுங்க’ என்று ஒரு குரல் எடுக்கட்டும். மற்ற மூன்றும் தங்கள் முறைக்குக் காத்திருந்து அதையே கேட்கட்டும். நம் ஊரில் பிறக்க வேண்டிய ஃபியூக் அது. இளம் இசையமைப்பாளர்கள் துணிந்து எழுத வேண்டும்.