பச்சை விளக்கை நம்பிய காலம்

"லைட்டு பச்சையாத்தான் எரியுது சார். ஆனா ஒண்ணும் போக மாட்டேங்குது."

இரவுப் பணியில் இருந்த பையன் போனில் இப்படிச் சொல்லி இருபது வருடம் இருக்கும். சென்னையில் ஓர் அலுவலகத்தின் சர்வர் அறை அப்போது என் பொறுப்பு. ஒவ்வொரு சர்வருக்கும் இரண்டு நெட்வொர்க் கார்டு, இரண்டு கேபிள், இரண்டு ஸ்விட்ச். ஒன்று போனாலும் மற்றது தாங்கும் என்று மேலிடத்தில் வாக்குக் கொடுத்தவன் நான்தான். அன்று இரண்டுமே உயிரோடு இருந்தன. வேலைதான் நடக்கவில்லை.

அந்தப் பச்சை விளக்கு ஈத்தர்நெட்டோடு பிறந்ததல்ல. ஆரம்பத்தில் விரல் மொத்தத்துக்கு ஒரே கேபிள் கட்டடம் நெடுக ஓடும். எல்லாக் கணினிகளும் அதைக் கவ்விக்கொண்டு நிற்கும். எதிர்முனையில் இன்னார் என்று யாரும் இல்லாததால், இணைப்பு இருக்கிறதா என்று விசாரிக்கவும் வழியில்லை. 1990இல் வந்த டென்-பேஸ்-டி தரம்தான் கணினிக்கு ஒரு தனிக் கம்பி கொடுத்தது. பேச ஒன்றும் இல்லாத நேரத்திலும் சுமார் 16 மில்லிவிநாடிக்கு ஒருமுறை ஒரு சின்னத் துடிப்பை அனுப்பச் சொன்னது. துடிப்பு வந்துகொண்டிருந்தால் விளக்கு எரியும். கதை கேட்கிற பிள்ளை 'உம்' கொட்டுகிற கணக்குதான். உம் நின்றால் தூங்கிவிட்டது என்று பொருள்.

இந்த வித்தை அதற்கு முன்பே கணினிக்குள் இருந்தது. 1974இல் ஜிம்மி ட்ரைபிக் தொடங்கிய டேண்டம் நிறுவனம், நிற்காமல் ஓடும் கணினியை 1976இல் சிட்டிபேங்குக்குக் கொடுத்தது. அதில் ஒவ்வொரு செயலியும் ஏறக்குறைய விநாடிக்கு ஒருமுறை, இரண்டு பாதைகளிலும், மற்ற எல்லாச் செயலிகளுக்கும் 'உயிரோடிருக்கிறேன்' என்று சொல்லும். இரண்டு விநாடிக்கு ஒருமுறை வருகைப் பதிவு. குரல் வராத செயலி செத்ததாகக் கணக்கு.

எங்கள் லினக்ஸ் சர்வர்களில் இரண்டு கார்டையும் ஒன்றாகப் பூட்டி, ஒன்று செத்தால் மற்றதுக்கு மாற்றும் வேலையைச் செய்தது பாண்டிங். அதன் பூர்வீகம் வேறு. 1994இல் நாசாவின் காடர்ட் மையத்தில் தாமஸ் ஸ்டெர்லிங்கும் டொனால்ட் பெக்கரும் 16 சாதாரணக் கணினிகளைக் கோத்து பேவுல்ஃப் என்ற கூட்டத்தைக் கட்டினார்கள். 10 மெகாபிட் ஈத்தர்நெட் போதவில்லை. இரண்டு ஈத்தர்நெட்டை ஒன்றாகப் பூட்டினார்கள். பாரம் இழுக்கப் பூட்டிய இரட்டை மாடு அது. ஒரு மாடு விழுந்தால் மற்றது இழுக்கட்டும் என்ற யோசனை பின்னால் சேர்ந்தது.

அப்படியானால் மாடு விழுந்ததை யாராவது பார்த்துச் சொல்ல வேண்டுமே? அதற்குத்தான் பாண்டிங் அமைப்பில் 'எம்ஐஐமான்' என்ற வரி. 100 என்று எழுதினால் 100 மில்லிவிநாடிக்கு ஒருமுறை கார்டிடம் லிங்க் இருக்கிறதா என்று கேட்கும். எழுத மறந்தால் அந்நாளில் அதன் மதிப்பு 0, அதாவது யாரும் பார்ப்பதில்லை. கேபிளை உருவினாலும் செத்த கம்பியிலேயே அனுப்பிக்கொண்டிருந்த சர்வர்களை நானே பார்த்திருக்கிறேன்.

விளக்கு எரிந்த பிறகும் கொஞ்சம் பொறுக்கச் சொல்லும் 'அப்டிலே' என்ற வரியையும் அடிபட்டுத்தான் கற்றேன். ஸ்விட்ச் மீண்டு வந்ததும் விளக்கு உடனே எரியும். ஆனால் ஸ்பேனிங் ட்ரீ என்ற ஸ்விட்ச் விதிப்படி 15 விநாடி கேட்டு, 15 விநாடி கற்று, அதற்கப்புறம்தான் ஸ்விட்ச் பேச்சைக் கடத்தும். விளக்கைப் பார்த்த மாத்திரத்தில் பழைய பாதைக்குத் தாவினால் அரை நிமிடம் போச்சு.

அந்த இரவுக்கு வருகிறேன். ஏசி பழுது பார்க்க வந்தவர் முதல் ஸ்விட்சிலிருந்து மேலே போகிற கேபிளைத் தட்டிவிட்டிருந்தார். சர்வருக்கும் ஸ்விட்சுக்கும் நடுவில் குறையே இல்லை; அதனால் விளக்கு பச்சை, எம்ஐஐமானுக்கும் திருப்தி. தபால்பெட்டி வாசலில் பத்திரமாக நிற்க, ஊருக்குப் போகிற பாலம் இடிந்த கதை.

மறுநாளே ஆர்ப் கண்காணிப்புக்கு மாறினேன். டேவிட் பிளம்மர் 1982இல் ஆர்எஃப்சி 826ஆக எழுதிய 'இந்த முகவரி யாருடையது?' என்ற கேள்வியை விநாடிக்கு ஒருமுறை கேட்வேயிடம் கேட்பது. பதில் வராவிட்டால் பாதை மாற்று. கேட்வேயை மட்டும் நம்பினால் அது ரீபூட் ஆகும்போது இரண்டு கார்டும் செத்ததாகிவிடும் என்று இன்னொரு முகவரியும் கொடுத்தேன்.

அதிலும் ஒரு கண்ணி. பழைய முறையில் கார்டுக்குள் எது வந்தாலும் உயிர்க்குறிதான். துண்டிக்கப்பட்ட ஸ்விட்சில் நான்கு சர்வர் இருந்தால், ஒன்று கூவும் ஆர்ப் கேள்வி மற்ற மூன்றின் காதிலும் விழும். இருட்டறையில் மாட்டிக்கொண்ட நாலு பேர் ஒருவர் குரலை ஒருவர் கேட்டு, வெளியே ஆள் இருக்கிறது என்று நிம்மதியானதுபோல நான்கும் சும்மா இருந்துவிடும். வந்தது நம் கேள்விக்கான பதில்தானா என்று சரிபார்க்கும் 'ஆர்ப் வேலிடேட்' வந்த பிறகுதான் இது தீர்ந்தது. என்னைக் கேட்டால் பாண்டிங்கில் செய்த திருத்தங்களிலேயே உருப்படியானது அதுதான்.

பிற்பாடு 2010இல் ஆர்எஃப்சி 5880ஆக வந்த பிஎஃப்டி, ரவுட்டர்களுக்கிடையே விநாடிக்குள் பல தடவை உம் கொட்ட வைத்தது. அது தனிக்கதை.

உங்கள் சர்வரில் 'லிங்க் ஃபெயிலியர் கவுன்ட்' பல வருடமாக 0 என்று காட்டுகிறதா? இந்த வாரமே ஒருநாள் ஸ்விட்சுக்கு மேலே போகிற கேபிளை உருவிப் பாருங்கள். மேலாளரிடம் சொல்லிவிட்டு உருவுங்கள்.