தாய்வீடும் திருச்சபையும்: மட்டக்களப்பு வாவிக்கரைக் கிறிஸ்தவக் குடும்பம் குறித்த ஒரு மறுவாசிப்பு

1. சிக்கல்

நவீன வாழ்க்கை குடும்பத்தைக் குலைக்கிறது என்ற பேச்சைக் கத்தோலிக்க மறையுரையிலும் கேட்கலாம், பெந்தகொஸ்தே சபைப் பிரசங்கத்திலும் கேட்கலாம். கணவன் தலைவன், மனைவி அவனுக்குத் துணை, பிள்ளைகள் இருவரின் பொறுப்பு. இந்தச் சிறுகுடும்பமே வேதம் காட்டும் குடும்பம் என்பதும், வெளிநாட்டு வேலையும் கைத்தொலைபேசியும் அதை உடைக்கின்றன என்பதும் அப்பேச்சின் சாரம். மட்டக்களப்பு வாவியின் இருகரையிலும், எழுவான்கரையானாலும் படுவான்கரையானாலும், இந்த வாதம் முதல் அடியிலேயே இடறுகிறது. இங்குள்ள கிறிஸ்தவர்கள் வாழ்ந்துவந்தது பெண்ணின் வீட்டை நடுவாகக் கொண்ட தாய்வழிக் குடும்பத்தில். அக்குடும்பத்துக்கு நேர்ந்த பெரிய சேதங்களைச் செய்தவை சட்டமும் போரும் நிவாரணப் படிவங்களும். திருச்சபை தன் போதனையில் பேசாத இந்தக் குடும்பத்தின்மீதுதான் தன் அன்றாட வாழ்வைக் கட்டியிருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

2. குடியும் சீதன வீடும்

மட்டக்களப்புத் தமிழரிடையே குடி என்னும் குலப்பிரிவு தாய்வழியாக இறங்குவது. ஒரே குடிக்குள் மணம் கூடாது. மச்சான்–மச்சாள் உறவு முறையில் மணப்பது விரும்பப்படும். முஸ்லிம்களிடமும் இதே குடிமுறை உண்டு. மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே கிழக்குக் கரையில் பல்லாண்டு செய்த கள ஆய்வு இதை விரிவாகப் பதிந்திருக்கிறது. மட்டக்களப்பின் முக்கிய சாதியான முக்குவரின் வழக்கில் சொத்து தாய்வழியே இறங்கிய முறையை 1876இல் பிரிட்டோ நூலாகத் தொகுத்தார். அதே 1876இல் வந்த திருமண உரிமைகள் மற்றும் மரபுரிமைக் கட்டளைச் சட்டம் அந்த வழக்கின் சட்ட வலுவைப் பறித்தது. யாழ்ப்பாணத்துக்குத் தேசவழமை என்னும் வழக்குச் சட்டம் நிலைத்தது. மட்டக்களப்பு பொதுச் சட்டத்தின் கீழ் வந்தது.

சட்டம் போனாலும் நடைமுறை போகவில்லை. மரணத்துக்குப் பின் இறங்கிய தாய்வழிச் சொத்து, திருமணத்தின்போதே மகளுக்கு எழுதப்படும் சீதனமாக வடிவம் மாறியது. அது நடக்கும் விதம் கவனிக்கத்தக்கது. மூத்த மகளுக்குக் கல்யாணம் ஆனதும் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். சில காலத்தில் பெற்றோர் அந்த வீட்டை அவளிடம் விட்டு, மற்றப் பிள்ளைகளோடு அதே வளவிலோ பக்கத்து வளவிலோ இன்னொரு வீட்டுக்குப் போவர். அது இரண்டாமவளுக்கு. சகோதரர்கள் உழைத்து அக்கா தங்கைக்கு வீடு முடித்த பிறகே தம் கல்யாணத்தை நினைப்பர். இவ்வாறு ஒரு வேலிக்குள் சகோதரிகளின் வீடுகள் அடுத்தடுத்து எழும்; அம்மம்மா எல்லாவற்றுக்கும் நடுவில் இருப்பார். உறுதி பெண் பெயரில் இருக்கும். தேசவழமைக்குட்பட்ட மனைவி தன் அசையாச் சொத்தை விற்கக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். மட்டக்களப்புப் பெண்ணுக்கு அந்தக் கட்டு இல்லை.

3. திருச்சபை வந்த வழி

1628இல் போர்த்துக்கீசர் புளியந்தீவில் கோட்டை கட்டினர். 1638இல் ஒல்லாந்தர் அதைப் பிடித்தனர். 1814இல் வெஸ்லியன் மிஷனின் வில்லியம் ஓல்ட் வந்திறங்கினார்; ஓராண்டு நிறையுமுன் இறந்துபோனார். அவர் தொடங்கிய பள்ளியே மெதடிஸ்த மத்திய கல்லூரியாக வளர்ந்தது. 1893இல் திருகோணமலை மறைமாவட்டம் உருவானது. 1895இல் பிரெஞ்சு இயேசு சபையினரும் அவர்களுக்குப் பின் அமெரிக்கரும் வந்து புனித மிக்கேல் கல்லூரியைப் பேர்பெறச் செய்தனர். 2012இல் மட்டக்களப்பு தனி மறைமாவட்டமாயிற்று. அவ்வாண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி மாவட்டத்தில் நூற்றுக்கு ஒன்பது பேரளவில் கிறிஸ்தவர்கள்.

மதம் மாறியவர்கள் குடியை விட்டு வந்தார்களா? கோயிலில் குடிக்கு முறைப்படி இடமுண்டு. திருவிழா குடிவாரியாகப் பங்கிடப்படும். பள்ளிவாசலில் நிர்வாகிகளான மரைக்கார்மார் குடிகளின் பேரால் அமர்வர். ஆயரின் ஆட்சிக்குட்பட்ட பங்கிலோ மெதடிஸ்த வட்டாரத்திலோ குடிக்கு அப்படியொரு ஆசனம் இல்லை. ஆகவே கிறிஸ்தவரிடம் குடி பொதுவெளியை இழந்து கல்யாணப் பேச்சுக்குள் ஒதுங்கியது. ஆனால் தாய்வீடும் சீதன வளவும் அப்படியே நின்றன. அவற்றை எதிர்க்கத் திருச்சபைக்குக் காரணமும் இருக்கவில்லை.

மோதல் எழக்கூடிய இடம் ஒன்றே: மச்சான்–மச்சாள் கல்யாணம். 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பு இரண்டுவிட்ட உறவினரிடையேயான மணத்தையும் தடுத்தது. 1983ஆம் ஆண்டுத் தொகுப்பு தடையைத் தளர்த்தினாலும், அத்தை மகளையோ மாமன் மகளையோ மணப்பதற்கு இன்றும் ஆயரின் விதிவிலக்கு வேண்டும். அண்ணன் தம்பி பிள்ளைகளை உடன்பிறப்பாகவும், அண்ணன் தங்கை பிள்ளைகளை மணமுறையாகவும் பிரித்துப் பார்க்கும் தமிழ் உறவுமுறை, இரத்தத் தூரத்தை மட்டும் எண்ணும் சட்டத்தின் கண்ணுக்குப் படுவதில்லை. அந்த விதிவிலக்கு, ஊர்முறைக்குத் திருச்சபை மௌனமாகக் கொடுத்த இடம்.

4. வேதம் எந்தக் குடும்பத்தின் பக்கம்?

எபேசியருக்கு எழுதிய நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்தைக் கொண்டு ஆண் தலைமையை நிறுவுவோர், அதே பகுதி மேற்கோளாக எடுக்கும் ஆதியாகமம் இரண்டாம் அதிகாரத்தைக் கவனிக்க வேண்டும். தாய் தகப்பனை விட்டு வெளியேறுவதாக அங்கு சொல்லப்படுபவன் ஆண். அவன் போய்ச் சேருமிடம் மனைவி. தமிழுலகின் பல பகுதிகளில் கல்யாண நாளன்று இது தலைகீழாக நடக்கிறது. மட்டக்களப்பில் சொன்னபடியே நடக்கிறது. பழைய இஸ்ரவேலர் தாய்வழியினர் என்று இதனால் ஆகிவிடாது, அவர்கள் தந்தைவழியினர். ஆனால் மனைவி கணவன் வீட்டுக்குப் போவதே வேதமுறை என்ற துணிபுக்கு இந்த வசனத்தில் ஆதாரமில்லை என்பது உறுதி.

புதிய ஏற்பாடு இன்னும் தெளிவாகப் பேசுகிறது. எருசலேமில் விசுவாசிகள் கூடியது மாற்குவின் தாய் மரியாளின் வீட்டில். பிலிப்பியில் லீதியாளின் வீட்டில். தீமோத்தேயுவின் விசுவாசத்தைப் பவுல் பாட்டி லோவிசாளிடமிருந்தும் தாய் ஐனிக்கேயாளிடமிருந்தும் எண்ணுகிறார். தந்தை அந்த வரிசையில் இல்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் குடும்பத்தை இல்லத் திருச்சபை என அழைத்தது. வாவிக்கரையில் அந்த இல்லம் யாருடையது என்ற கேள்விக்கு உறுதிப் பத்திரமே விடை சொல்லும்.

5. உடைத்தவை எவை?

கால் நூற்றாண்டுப் போர் இம்மாவட்டத்தில் ஆண்களைக் கொன்றது, காணாமற்போகச் செய்தது, நாட்டைவிட்டு ஓடச் செய்தது. திருச்சபையும் தப்பவில்லை: 1988 ஜூனில் அருட்தந்தை சந்திரா பெர்னாண்டோ சுட்டுக் கொல்லப்பட்டார், 1990 ஓகஸ்ட் 15இல் அருட்தந்தை யூஜின் ஹேபர்ட் வாழைச்சேனையிலிருந்து வரும் வழியில் சாரதியோடு காணாமற்போனார், 2005 நத்தார் நள்ளிரவுத் திருப்பலியில் நாடாளுமன்ற உறுப்பினர் யோசப் பரராஜசிங்கம் புனித மரியாள் ஆலயத்தினுள் கொல்லப்பட்டார். கணவனை இழந்தவள் தன் வீட்டில், தாயும் சகோதரிகளும் சூழ இருந்தாள் என்பதே எஞ்சிய பாதுகாப்பு.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை அந்தப் பாதுகாப்பையும் அள்ளிச்சென்றது. நாவலடி, டச்பார் கரைகளில் வீடுகளோடு வளவுகளும் போயின. கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டத் தடை வந்தது. நாவலடி மக்கள் திராய்மடுவுக்கு மாற்றப்பட்டனர். நிவாரணப் படிவத்தில் ‘குடும்பத் தலைவர்’ என்று ஒரேயொரு கோடு. அதில் பெரும்பாலும் ஆணின் பெயர் விழுந்தது. சீதனமாக வந்த பெண்ணின் வீடு அழிந்து, ஈடாகக் கிடைத்த வீடு கணவன் பெயரில் எழுந்தது. அழிந்த வீட்டுக்கு ஒரு வீடு என்ற கணக்கில், கல்யாணமாகாத மூன்று மகள்மாரின் எதிர்காலத்துக்கு இடமில்லை. மக்கில்வ்ரேயும் பற்றிசியா லோறன்சும் இதை ஆராய்ந்துள்ளனர். அரச காணி அனுமதிப்பத்திரங்களை ஆளும் 1935ஆம் ஆண்டுச் சட்டமும் வாரிசுரிமையில் ஆண்பிள்ளைக்கே முதலிடம் தந்தது. அது திருந்த 2022 ஆயிற்று.

2013இல் வந்த குடும்பப் பின்னணி அறிக்கை விதி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையுள்ள தாய் மத்திய கிழக்குக்கு வீட்டு வேலைக்குப் போவதைத் தடுத்தது. அம்மம்மா பிள்ளை வளர்க்கும் ஊரில், தாய் ஒருத்தியையே குடும்பம் என்று எண்ணிய விதி அது. பிரசங்க மேடையும் அரசும் ஒரே குடும்பப் படத்தையே மாட்டி வைத்திருக்கின்றன.

6. மறுப்பும் விடையும்

இதற்கு வலுவான மறுப்பு உண்டு. கிழக்கின் பெண் தலைமைக் குடும்பங்களை ஆராய்ந்த காஞ்சனா ருவன்புர, தாய்வழி உரிமை ஆணாதிக்கத்தை ஒழிக்கவில்லை என்று 2006இல் நிறுவினார். உறுதி பெண் பெயரில் இருக்க, முடிவு மாமாவின் வாயில் இருக்கலாம். சீதன வீடு கட்டவே ஏழைத் தாய் அரபு நாட்டுக்குப் போகிறாள், நுண்கடனில் விழுகிறாள். இவை உண்மை. தாய்வழி முறையைப் பொற்காலமாக்குவது பிழை. ஆனால் இதற்கு மருந்தாகச் சீதனத்தை முழுதும் கண்டிக்கும் பிரசங்கம் குறி தவறுகிறது. மாப்பிள்ளை வீட்டாரின் கைக்குப் போகும் காசைக் கண்டிக்கலாம், கண்டிக்க வேண்டும். மகளின் பெயரில் எழுதும் வளவு அவளுடைய மரபுரிமை. இரண்டையும் ஒரே மூச்சில் கண்டிக்கும் சபை, அறியாமலே பெண்ணின் நிலத்தைப் பறிக்கும் பக்கம் சாய்கிறது.

தாய்வீட்டு உறவு நிலத்தோடு மட்டும் நின்றுவிடுவதில்லை. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்பு சியோன் தேவாலயத்தில் குண்டு வெடித்து முப்பது பேரளவில் இறந்தனர். ஏறத்தாழப் பாதிப்பேர் சிறுவர்கள், பலர் ஞாயிறு பாடசாலை முடிந்து வெளியே நின்றவர்கள். இத்தகைய இழப்பை ஒரு தாயும் தகப்பனும் தனியே தாங்க இயலாது. அதைத் தாங்கும் சித்தி, பெரியம்மா, அம்மம்மா நிரையைப் போதனையில் பெயர்சொல்லி ஏற்பது திருச்சபையின் கடன்.

7. முடிவு

நடைமுறையில் மூன்று மாற்றங்கள் போதும். திருமண ஆயத்த வகுப்பில் எபேசியர் நிருபத்தோடு காணி உறுதியும் பாடமாக வேண்டும். குடும்பத்தைப் பதியும் எந்தச் சபைப் பதிவேட்டிலும் வீட்டுக்குரியவளின் பெயர் முதலில் வர வேண்டும். நிவாரணமும் மீள்குடியேற்றமும் திருச்சபை வழியாக வரும்போது, வீட்டை எழுதும் பெயர் எது என்று அது கேட்க வேண்டும். நவீன சமூகத்திலிருந்து குடும்பத்தைக் காப்பதாகச் சொல்லும் திருச்சபை, இவற்றைச் செய்யாதவரை, இவ்வூரில் இல்லாத ஒரு குடும்பத்தைக் காத்துக்கொண்டிருக்கும்.