செட்டியார் போட்ட கணக்கு, டெல்லி முடித்த மாடி

திருவண்ணாமலை ராஜகோபுரத்தின் உயரம் 217 அடி. சென்னை அண்ணா சாலையில் (அன்றைய மவுண்ட் ரோடு) நிற்கும் எல்.ஐ.சி. கட்டடத்தின் உயரம் 177 அடி. கோபுரத்தைவிட நாற்பது அடி குட்டை. இருந்தும், படவேடு, ஆரணிப் பக்கத்தில் பட்டணம் போய்த் திரும்பியவனிடம் ஊர் கேட்ட முதல் கேள்வி, “எல்.ஐ.சி.யப் பாத்தியா?” என்பதுதான். கார்த்திகை தீபத்துக்கு வருஷம் தவறாமல் அண்ணாமலைக்குப் போய்ப் பதினொரு நிலைக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்த அதே ஜனங்கள், அதைவிடக் குட்டையான ஒன்றைப் பார்க்க மவுண்ட் ரோட்டில் ஏன் கழுத்தை வளைத்தார்கள்?

சென்ற வாரம் கோபுரத்தின் உடம்பைப் பார்த்தோம். கீழே கருங்கல், மேலே செங்கல்லும் சுண்ணாம்பும். அடியில் அகலம், போகப் போகக் குறுகல். மேலே இருக்கும் பாரத்தைக் கீழே இருக்கும் சுவர் சுமக்கிறது. அதனால் கீழ்ச்சுவர் தடிக்கிறது. கோபுரத்துக்கு இது குறையே இல்லை. அதற்குள் யாரும் மேஜை போட்டு உட்காரப் போவதில்லை. வாடகைக்கு விடப் போவதும் இல்லை.

அலுவலகக் கட்டடத்தின் கதை வேறு. அங்கே ஒவ்வொரு சதுர அடியும் காசு. அமெரிக்காவின் சிகாகோ நகரில் 1891-ல் மொனாட்நாக் என்ற 16 மாடிக் கட்டடத்தைச் செங்கல் சுவரை நம்பியே எழுப்பினார்கள். தரைமட்டத்தில் சுவரின் தடிமன் ஆறு அடி வந்தது. அதிக வாடகை வரக்கூடிய தரைத்தளத்தைச் சுவரே தின்றுவிட்டது. இன்னும் பத்து மாடி ஏற்ற நினைத்தால், கீழே கடை வைக்க இடமிருக்காது, சுவர்தான் இருக்கும்.

இதற்கான விடை அதே சிகாகோவில் 1885-லேயே கிடைத்திருந்தது. படவேட்டுக்காரர்களுக்கு அதை விளக்குவது சுலபம். ஆடி வெள்ளிக்கு ரேணுகாம்பாள் கோயிலில் பந்தல் போடுகிறார்களே, அதில் கீற்றின் பாரத்தைத் தாங்குவது கால்கள். பக்கத்தில் கட்டும் தட்டி வெயிலை மறைக்க மட்டும்; அதைப் பிரித்துப் போட்டாலும் பந்தல் விழாது. வில்லியம் லி பரோன் ஜென்னி என்ற பொறியாளர் சிகாகோவில் செய்தது ஏறக்குறைய அதுதான். பத்து மாடியின் பாரத்தில் பெரும்பகுதியை இரும்புத் தூண்களிடமும் உத்தரங்களிடமும் ஒப்படைத்துவிட்டு, சுவரைத் தட்டியின் நிலைக்குக் கொண்டுவந்தார். சுவர் மெலிந்தது, ஜன்னல் அகன்றது. உலகின் முதல் வானளாவி என்று பலரும் குறிப்பிடுவது இந்தக் கட்டடத்தைத்தான். (இல்லை என்று வாதிடுகிறவர்களும் உண்டு. ‘முதல்’ என்ற பட்டத்துக்கு எப்போதும் நாலு பேர் வரிசையில் நிற்பார்கள்.) அதன் பெயர் ஹோம் இன்ஷூரன்ஸ் கட்டடம்.

இன்ஷூரன்ஸ் என்ற சொல் அங்கே தற்செயலாக வரவில்லை. அலுவலகத்தில் ஆட்கள் ஏறிச்செல்ல லிப்ட் வைத்த முதல் கட்டடம், நியூயார்க்கில் 1870-ல் எக்விடபிள் என்ற ஆயுள் காப்பீட்டுக் கம்பெனி கட்டியது. லிப்ட் வரும்வரை நாலைந்து மாடிக்கு மேல் ஏற யாருக்கும் மனம் வராது, மாடிக்கு வாடகையும் குறைவு. லிப்ட் வந்ததும் கணக்கு தலைகீழாகி, காற்றும் வெளிச்சமும் உள்ள மேல்மாடிக்குக் கிராக்கி கூடியது. ஆயுள் காப்பீட்டுக் கம்பெனியிடம் மாதாமாதம் பிரீமியம் வந்து குவிகிறது. திருப்பித் தர வேண்டியதோ இருபது, முப்பது வருஷம் கழித்து. அந்தப் பணத்தை நீண்ட காலத்துக்கு எங்காவது போட்டு வைக்க வேண்டும். நகரின் நடுவில் ஒரு கட்டடம் என்றால் வாடகையும் வரும், விளம்பரமும் ஆகும். என்றோ ஒரு நாள் உன் பிள்ளைகளுக்குப் பணம் தருவேன் என்று சொல்கிற கம்பெனி, நிலையாக நிற்கும் என்று காட்டிக்கொள்வதும் அவசியம். என் கணிப்பில், இந்தக் கடைசிக் காரணம்தான் மற்ற இரண்டையும்விடப் பெரியது.

மதராசில் இந்தக் கணக்கைப் போட்டவர் எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார். 1937 பிப்ரவரி 10 அன்று காரைக்குடி, மதராஸ், ரங்கூன் என மூன்று ஊர்களில் ஒரே நாளில் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் திறந்தவர். யுனைடெட் இந்தியா ஆயுள் காப்பீட்டுக் கம்பெனியும் அவர் கையில் இருந்தது. மலேயா, பர்மா வரை கடை வைத்த நகரத்தார் பரம்பரை. கடல் தாண்டிய ஊர்களின் உயரங்களைக் கண்ணால் கண்டவர். மவுண்ட் ரோட்டில் 18 மாடிக்குத் திட்டம் போட்டார். 1953-ல் வேலை தொடங்கியது. வரைபடம் போட்டவர்கள் எச்.ஜே. பிரவுன், எல்.சி. மூலின் என்ற ஆங்கிலேயர்கள். கட்டிக் கொடுத்தது முருகப்பா குழுமத்தின் கோரமண்டல் இன்ஜினியரிங் கம்பெனி.

மாதிரியாக அவர்கள் கண்முன் இருந்தது, அப்போதுதான் நியூயார்க்கில் எழுந்திருந்த ஐக்கிய நாடுகள் தலைமைச் செயலகம்: 39 மாடி, 505 அடி, நிறுத்தி வைத்த பெட்டிபோன்ற உருவம், அகலப் பக்கம் இரண்டிலும் முழுக் கண்ணாடி. அந்தக் கண்ணாடி கிழக்கையும் மேற்கையும் பார்த்தது. வெயில் தடுப்பு வைக்காவிட்டால் உள்ளே காயும் என்று கட்டடக் கலைஞர் லெ கொர்பூசியே எச்சரித்தார். கேட்கவில்லை, ஏர்கண்டிஷனரை நம்பினார்கள். சித்திரை வெயிலில் மவுண்ட் ரோட்டில் அதை அப்படியே இறக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. இங்கே உருவத்தை எடுத்துக்கொண்டு, முழுக் கண்ணாடியை விட்டுவிட்டு, வரிசை வரிசையாக ஜன்னல் வைத்தார்கள்.

இரும்பையும் விட்டார்கள். நியூயார்க் கட்டடம் இரும்புச் சட்டகம். பிலாயும் ரூர்கேலாவும் உருக்கு வார்க்காத அந்த வருஷங்களில், நம் நாட்டில் இரும்பு என்பது கையேந்தி வாங்க வேண்டிய சரக்கு. அதனால் இங்கே கான்கிரீட். கம்பி வைத்த கான்கிரீட்டில் மாடி அடுக்க முடியும் என்று சின்சினாட்டியில் 1903-லேயே 16 மாடி இங்கல்ஸ் கட்டடம் காட்டிவிட்டிருந்தது. சுண்ணாம்பும் செங்கல்லுமாக இருந்த மதராசுக்கு அது புதுசு.

அமுக்கினால் கான்கிரீட் தாங்கும். இழுத்தால் விரிசல் விடும். இழுபடும் பக்கத்தில் கம்பி போடுவது அதற்காகத்தான். தூணுக்கு அமுக்கம்தான் பிரதானம். அதிலும் அடித்தூண், தலைக்கு மேலே உள்ள அத்தனை மாடியையும் சுமக்கும். உச்சித்தூண் ஒரு கூரையை மட்டும். ஆகவே மாடி ஏற ஏற தூண் மெலியலாம், அல்லது கம்பி குறையலாம். தூணுக்குள் நிற்கும் கம்பியை அடுத்த மாடிக்கும் நீட்டி விட்டு, உத்தரத்தையும் தூணையும் முட்டும் இடத்தில் ஒன்றாக வார்ப்பதால் மூலை விறைப்பாகிறது. இந்த விறைப்பு ரொம்ப முக்கியம். ஒல்லியான உயரமான கட்டடத்தின் அகலப் பக்கம் புயல் காற்றுக்குக் கப்பல் பாய் மாதிரி நிற்கும். வங்கக் கடலுக்குப் பக்கத்தில் 177 அடி எழுப்புகிறவர், மேலிருந்து அழுத்தும் பாரத்தோடு பக்கவாட்டில் தள்ளும் காற்றையும் கணக்குப் பண்ணியாக வேண்டும். கோபுரத்துக்கு அந்தக் கவலை இல்லை. அதன் கனமே அதைப் பிடித்து வைத்திருக்கிறது.

மாடி ஒன்று வார்த்ததும் அடுத்ததற்குத் தாவ முடியாது. கான்கிரீட் முழு பலம் பிடிக்க 28 நாள் என்பது பொறியாளர் கணக்கு. போதிய பலம் ஏறும்வரை சென்டரிங் தாங்கல் வேண்டும், தண்ணீர் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கட்டி முடித்த பிறகும் தண்ணீர்ப் பிரச்சினை விடாது. நகரசபைக் குழாயின் அழுத்தம் இரண்டாம் மாடிக்கே திணறும். கீழே தொட்டியில் பிடித்து மோட்டார் வைத்து உச்சித் தொட்டிக்கு ஏற்றினால்தான் பத்தாவது மாடியில் ஒருவர் கை கழுவ முடியும்.

செட்டியார் இதில் எதையும் பார்க்கவில்லை. 1954 மார்ச் 13 அன்று சிங்கப்பூர் காலாங் விமான நிலையத்தில் இறங்கிய பி.ஓ.ஏ.சி. விமானம் ஓடுபாதைக்கு முன்னிருந்த சுவரில் மோதித் தீப்பிடித்தது. இறந்த 33 பேரில் அவரும் ஒருவர். வயது 45.

அடுத்த திருப்பம் டெல்லியிலிருந்து வந்தது. 1955 டிசம்பரில் பெரோஸ் காந்தி மக்களவையில் எழுந்து, தொழிலதிபர் ராமகிருஷ்ண டால்மியா தன் பாரத் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் பாலிசிதாரர் பணத்தைக் கையாண்ட விதத்தைப் பிட்டுப் பிட்டு வைத்தார். (அந்த வழக்கில் டால்மியா குற்றவாளியே என்று 1962-ல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது.) அடுத்த மாதமே, 1956 ஜனவரி 19 இரவு, நிதியமைச்சர் சி.டி. தேஷ்முக் வானொலியில் ஆயுள் காப்பீடு அரசுடைமை என்று அறிவித்தார். செப்டம்பர் 1 அன்று 245 நிறுவனங்களும் சங்கங்களும் ஒன்றாகி எல்.ஐ.சி. பிறந்தது. யுனைடெட் இந்தியாவும் அதில் கரைந்தது. டால்மியா செய்த தப்புக்குச் செட்டியாரின் பாதிக் கட்டடம் சர்க்கார் கைக்குப் போனது என்றால் கொஞ்சம் மிகை, ஆனால் பொய்யில்லை.

1957-ல் ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர்கள் விலக, மதராசின் எல்.எம். சிட்டாலே பொறுப்பேற்று முடித்தார். பதினெட்டு மாடி என்ற பேச்சு அதற்குள் ஓய்ந்துவிட்டது. எத்தனை மாடி முடிந்தது என்பதில் இன்றும் ஒருமித்த பதில் இல்லை. ஏடுகளில் 12 என்றும் 15 என்றும் காணலாம். ஜனங்கள் வாயில் நிலைத்தது ‘பதினாலு மாடி’. செலவு சுமார் 87 லட்சம் ரூபாய்.

திறப்பு விழாவிலும் ஒரு வேடிக்கை. எல்.ஐ.சி. பிறந்தபோது நிதியமைச்சர் நாற்காலியில் இருந்தவர் மதராஸ்காரரான டி.டி. கிருஷ்ணமாச்சாரி. சொந்த ஊரில் அவரே ரிப்பன் வெட்டியிருக்க வேண்டும். ஆனால் எல்.ஐ.சி. பணம் ஹரிதாஸ் முந்த்ராவின் கம்பெனிப் பங்குகளில் போன விவகாரத்தை மறுபடி அதே பெரோஸ் காந்தி கிளப்ப, நீதிபதி சாக்ளா விசாரிக்க, 1958 பிப்ரவரியில் டி.டி.கே. பதவி விலகினார். 1959 ஆகஸ்ட் 23 அன்று கட்டடத்தைத் திறந்தவர் அப்போதைய நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய்.

அன்று அது நாட்டிலேயே உயரமான அலுவலகம் என்று பெயர் எடுத்தது. ஓரிரண்டு வருஷத்தில் பம்பாய் முந்திவிட்டாலும், சென்னைக்குள் முப்பது வருஷத்துக்கு மேல் அதற்குப் போட்டி இல்லை. கிராமத்துக் கதாநாயகன் பட்டணத்தில் இறங்கினான் என்று காட்ட, சினிமாக்காரர்களுக்கு சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு அடுத்தபடி இதுதான் கைகொடுத்தது. ஊர்க்காரர்கள் கழுத்தை வளைத்ததற்கும் எனக்குத் தெரிந்த காரணம் உயரமல்ல. கோபுரம் சாமிக்கும் ராஜாவுக்கும் உரியது. இதிலோ நம்மைப் போன்ற மனிதர்கள் பத்தாவது மாடியில் உட்கார்ந்து ஃபைல் பார்த்தார்கள். ஆரணித் தறிக்காரர் வீட்டுக்கு எல்.ஐ.சி. ஏஜென்ட் வந்து வாங்கிப்போன பிரீமியமும் அதற்குள் எங்கோ இருந்தது.

1975 ஜூலையில் கட்டடத்தில் பெருந்தீ. கான்கிரீட் உள்ளிருக்கும் கம்பிக்குக் கொஞ்ச நேரம் கவசமாக இருக்கும் என்று பாடப்புத்தகம் சொல்கிறது. சட்டகம் நின்றது, சீர்செய்து மறுபடி குடியேறினார்கள். 2023 ஏப்ரலில் உச்சியில் இருந்த பெயர்ப்பலகையில் மறுபடி தீ, சீக்கிரமே அணைத்துவிட்டார்கள்.

அதே அண்ணா சாலையில் எல்.ஐ.சி.க்கு இன்னொரு கட்டடமும் சொத்தாக வந்து சேர்ந்தது. மருந்து வணிகர் டபிள்யூ.இ. ஸ்மித்துக்காக ஜே.எச். ஸ்டீபன்ஸ் வரைந்து 1897-ல் முடிந்த கார்டில் கட்டடம். செங்கல், சுண்ணாம்பு, குவிமாடம், மினார். 1934-ல் அதை வாங்கியது வேறு யாருமில்லை, பாரத் இன்ஷூரன்ஸ். டால்மியாவின் கம்பெனியோடு அதுவும் 1956-ல் எல்.ஐ.சி. கணக்கில் ஏறியது. அதை 2006-ல் இடிக்கத் தொடங்கியபோது, பாரம்பரியச் சின்னங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பு உயர்நீதிமன்றம் போய்த் தடுத்தது. அந்த வழக்கை அடுத்த வாரம் பிரிப்போம்.